சிறுநீர்ப்பையை அகற்றும் நுண்துளை அறுவை சிகிச்சை: வாழ்க்கைத்தரம் குறையாமல் காக்க முழுமையான வழிகாட்டி

"புற்றுநோய், சிறுநீர்ப்பையை எடுத்துவிட வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது, "ரோபோவில் செய்ய முடியுமா?" என்றுதான். அதாவது, டாக்டர் இயக்கும் ரோபோ கைகளால் சிறு துளைகள் வழியாகச் செய்வது. கேட்கலாம், தவறில்லை. ஆனால் நோயாளி இனிமேல் எப்படித் தூங்குவார், பஸ்ஸில் எவ்வளவு தூரம் போவார், கல்யாணப் பந்தியில் நிம்மதியாக உட்காருவாரா என்பதெல்லாம் இன்னொரு கேள்வியில் இருக்கிறது: பையை எடுத்த பிறகு சிறுநீர் எங்கே சேரும், எந்த வழியாக வெளியே வரும்?

ரோபோவால் என்ன லாபம் என்பதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 350 பேரைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ரேஸர் ஆய்வில், நோய் முற்றாமல் இரண்டு ஆண்டைக் கடந்தவர்கள் ரோபோ பிரிவில் 72.3 சதவீதம், வயிற்றைத் திறந்து செய்த பிரிவில் 71.6 சதவீதம். புற்றுநோயைப் பொறுத்தவரை இரண்டும் சமம். பிரிட்டனின் ஐராக் ஆய்வு 2022-இல் வந்தது. அதில் காயம் தொடர்பான சிக்கல் ரோபோ பிரிவில் 5.6 சதவீதம், திறந்த முறையில் 16 சதவீதம். ரத்தக்கட்டு ரோபோ பிரிவில் 1.9 சதவீதம், திறந்த முறையில் 8.3 சதவீதம். வாழ்க்கைத்தர மதிப்பெண் ஐந்தாவது வாரத்தில் ரோபோ பிரிவினருக்குக் கூடுதலாக இருந்தது. 12 வாரத்துக்குப் பிறகு சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆக, ரோபோ முதல் மூன்று மாதத்தைச் சுலபமாக்குகிறது. அதற்குப் பிந்தைய வருடங்களை நிர்ணயிப்பவை அறுவைக்கு முன் எடுக்கும் சில முடிவுகளும், பின்னால் வீட்டில் நடக்கும் பழக்கமும்தான்.

எடுத்தே ஆக வேண்டுமா?

சிறுநீர்ப்பையின் தசை அடுக்குக்குள் புற்று இறங்கியிருந்தால்தான் முழுப் பையையும் எடுக்கும் பேச்சு வரும். மேலடுக்கு நோயில், மருந்துக்கு அடங்காத அல்லது மிகத் தீவிரமான வகைகளுக்கு மட்டும். பயாப்ஸி அறிக்கையில் தசைத் துணுக்கு இருந்ததா என்று பாருங்கள். தசையே சிக்காத துணுக்கை வைத்துத் தசையில் பரவவில்லை என்று சொல்ல முடியாது. மறுபடி சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும்.

பையை வைத்துக்கொண்டே வைத்தியம் செய்யும் வழியும் உண்டு. கட்டியை உள்வழியாக முடிந்தவரை சுரண்டி எடுத்து, கீமோவும் கதிரியக்கமும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரே கட்டி, சிறுநீரகம் வீங்காமல் இருப்பது, பை முழுக்கச் சிவப்புத் திட்டாகப் பரவாமல் இருப்பது, பை நன்றாக வேலை செய்வது ஆகிய நான்கும் பொருந்தினால் அந்த வழியைப் பற்றிக் கதிரியக்க மருத்துவரிடமும் ஒரு தடவை பேசிவிட்டு முடிவெடுங்கள். அதில் ஆயுள் முழுக்கக் கேமரா பரிசோதனை தொடரும்.

அறுவைக்கு முன்பு சிஸ்பிளாட்டின் கீமோ சொன்னால், சிறுநீரகமும் காதும் இடம் கொடுக்கும்வரை தட்டிக்கழிக்க வேண்டாம். 2003-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் கீமோவுக்குப் பிறகு அறுவை செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 77 மாதம், அறுவை மட்டும் செய்தவர்களுக்கு 46 மாதம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல், ஒரு மருத்துவமனை ஆண்டுக்குக் குறைந்தது 10, முடிந்தால் 20-க்கு மேல் செய்ய வேண்டும் என்கிறது. கை பழகிய குழு திறந்த முறையில் செய்வது, புதிதாக ரோபோ வாங்கிய இடத்தில் செய்வதைவிட மேல்.

அடுத்து, குடலை வைத்துப் புதுப் பாதை தைப்பது வயிற்றுக்கு உள்ளேயா, வெளியே இழுத்து வைத்தா? அறுவை மருத்துவர் மணி மேனன் குழுவினர் 2003-இல் ரோபோ முறையை 17 பேருக்குச் செய்ததாக வெளியிட்டபோது இந்தப் பகுதியை வெளியே வைத்துத்தான் தைத்தார்கள். பிற்பாடு ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா போன்ற மையங்கள் உள்ளேயே தைப்பதை வளர்த்தெடுத்தன. உள்ளே தைத்தால் குடல் காற்றில் கிடப்பதில்லை, கீறலும் சிறியது. ஆனால் பழகாத கைக்கு நேரம் இழுக்கும். தலை தாழ்த்திய படுக்கையில் 25, 30 டிகிரி சாய்வில் கூடுதலாக இரண்டு மணி நேரம் என்பது கண் அழுத்தம், நுரையீரல் கோளாறு உள்ளவர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. கிளாக்கோமா இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளியே பையா, உள்ளே புதுப் பையா

இலியல் கான்டியூட் என்பது எளிய வழி. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுமார் 15 செ.மீ. வெட்டி, ஒரு முனையை மூடி, இரண்டு சிறுநீரகங்களிலிருந்து வரும் யூரேட்டர் குழாய்களை அதில் தைத்து, மறுமுனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவருவார்கள். அந்த வாய்தான் ஸ்டோமா. சிறுநீர் ஓயாமல் சொட்டும். மேலே ஒட்டிய பையில் சேரும்.

நியோபிளாடர் என்பது வயிற்றுக்குள்ளேயே குடலால் செய்யும் புதுப் பை. அதற்கு 50 முதல் 60 செ.மீ. குடல் வேண்டும். அதைக் குழாயாகவே விட்டால் அலை அலையாகச் சுருங்கிச் சிறுநீரை அழுத்தித் தள்ளும். அதனால் நீளவாக்கில் வெட்டி விரித்து, மடித்து, உருண்டையாகத் தைக்கிறார்கள். ஒரு பகுதி சுருங்கும்போது மற்றொரு பகுதி தளர்வதால் உள்ளழுத்தம் குறைகிறது. இந்த உருண்டை, சிறுநீர் வெளியேறும் இயற்கையான குழாயான தாரையோடு இணைக்கப்படும். எந்த முறையானாலும் பெருங்குடலோடு சேரும் இடத்துக்கு முந்தைய 20 செ.மீ. அளவை விட்டுவைக்க வேண்டும். பி12 வைட்டமினும் பித்த உப்பும் உறிஞ்சப்படுவது அங்கேதான்.

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 40-50 மி.லி.க்குக் கீழே இருப்பவர்கள், தாரையின் ஓரத்தில் புற்று இருப்பவர்கள், குடல் நோய் உள்ளவர்கள், ஞாபகமறதி தொடங்கியவர்கள், விரல் நடுக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு நியோபிளாடர் சரிப்படாது. விரலுக்கு என்ன சம்பந்தம் என்றால், பை முழுதாகக் காலியாகாவிட்டால் தானே கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட்டு எடுக்க வேண்டியிருக்கும். பெண்களுக்கு இந்தத் தேவை சற்று அதிகம். அதற்குச் சம்மதமா என்பதை அறுவைக்கு முன்பே ஒரு கதீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வெளியே பை தொங்குவது அவமானம் என்ற ஒரே காரணத்துக்காக நியோபிளாடர் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டியது, பல மாதம் ராத்திரி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழும் வாழ்க்கையை. இரண்டில் எது வாழ்க்கைத்தரத்தில் உயர்ந்தது என்று ஆய்வுகள் ஒரே பதிலாகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஏற்ற வழியைத் தெரிந்து எடுத்தவர்கள் இரண்டிலும் நன்றாக இருக்கிறார்கள். உடல் மிகத் தளர்ந்த முதியவர்களுக்குக் குடலையே தொடாமல் யூரேட்டரை நேராகத் தோலுக்குக் கொண்டுவரும் மூன்றாவது வழியும் இருக்கிறது.

ஸ்டோமா இடத்தைக் குறிப்பது

இந்தப் பதினைந்து நிமிட வேலையை ஒழுங்காகச் செய்யாததால் வருடக்கணக்கில் கசிவோடு அல்லாடுபவர்கள் இருக்கிறார்கள். குறி போடுவது அறுவைக்கு முந்தின நாள், நோயாளி விழித்திருக்கும்போது. மேஜையில் வாயு நிரப்பி வயிறு உப்பிய பிறகு பார்க்கும் இடம் வேறு, எழுந்து நின்றதும் அது போய்ச் சேரும் இடம் வேறு.

மல்லாக்கப் படுத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னால் நடுவயிற்றின் நேர்த்தசை புடைத்துத் தெரியும். ஸ்டோமா அந்தத் தசைக்குள் வழியாக வர வேண்டும். தள்ளிப் போனால் பின்னாளில் குடல் பிதுங்கும். பிறகு எழுந்து உட்காரச் சொல்லி மடிப்பு விழும் இடங்களைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் மட்டும் போதாது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுபவர் என்றால் சம்மணமிட்டு உட்கார்ந்து காட்ட வேண்டும். வேட்டி இறுக்கும் கோடு, பாவாடை நாடா கட்டும் கோடு, பெல்ட் கோடு இவற்றை அவரவர் அன்றாடம் கட்டுவது போலவே கட்டச் சொல்லிப் பேனாவால் கோடிட வேண்டும். தொப்புள், பழைய தையல் தழும்பு, இடுப்பு எலும்பு முனை ஆகியவற்றிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி, சுற்றிலும் தட்டையாக இருக்கும் இடமே சரியான இடம். தொப்பை பெரிதாக இருப்பவருக்குக் கீழே போட்டால் அவர் கண்ணுக்கே தெரியாது. மேல்வயிற்றில் போட வேண்டும். குறித்த இடத்தில் ஒரு பையை ஒட்டி, கால்வாசி தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் அப்படியே நடமாடிப் பார்ப்பது நல்லது.

நியோபிளாடர் என்று முடிவான பிறகும் இந்தக் குறி வேண்டும். தாரையின் ஓரத்தை அறுவையின்போதே சோதிக்கும்போது புற்றணு தெரிந்தால் அங்கேயே திட்டம் மாறும்.

நரம்பைக் காப்பது

வழக்கமான அறுவையில் ஆண்களுக்குப் புராஸ்டேட்டும் விந்துப்பையும், பெண்களுக்குக் கருப்பை, சினைப்பை, யோனியின் முன்சுவர் ஆகியவையும் சேர்ந்து போகும். எல்லாருக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. விறைப்புக்கான நரம்புகள் விந்துப்பையின் நுனியை ஒட்டி வந்து, புராஸ்டேட்டின் பின்-பக்க ஓரமாக இறங்குகின்றன. அங்கே மின்சூட்டுக் கத்தியின் சூடு பட்டாலே நரம்பு செத்துவிடும். கிளிப் போட்டு, கத்தரியால் விலக்க வேண்டும். கட்டி பையின் பின்புறமோ பையின் கழுத்துப் பகுதியிலோ இருந்தால் அந்தப் பக்க நரம்பைக் காக்க முயல்வது ஆபத்து. மறுபக்கத்தை மட்டும் காப்பாற்றலாமா என்று கேளுங்கள்.

பெண்களிடம் இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. கட்டி பின்சுவரைத் தொடாவிட்டால் கருப்பையையும் யோனிச் சுவரையும் விட்டுவைக்க முடியும். உறவுக்கு மட்டுமன்றி, நியோபிளாடர் பின்பக்கம் சரியாமல் தாங்கவும், யோனிக்கும் அதற்கும் இடையே ஓட்டை விழாமல் இருக்கவும் அது உதவும். மாதவிடாய் நிற்காதவர்களுக்குச் சினைப்பையை எடுத்தால் மறுவாரமே வேர்த்துக் கொட்டும், எலும்பும் தேயும். இன்னும் குழந்தை வேண்டும் என்ற ஆண்கள் கீமோ தொடங்கும் முன்பே விந்தைச் சேமித்துவிட வேண்டும். அறுவைக்குப் பின் விந்து வெளிவராது.

முந்தைய நான்கு வாரம், பிந்தைய பத்து நாள்

பீடி, சிகரெட் இன்றே நிற்க வேண்டும். தினம் அரை மணி நடை, முட்டை, பருப்பு, மீன் என்று புரதம். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் சரியாக வேண்டும். நியோபிளாடர் என்றால் அடியிடுப்புத் தசைப் பயிற்சியை இப்போதே பழகுங்கள்: காற்றை அடக்குவது போல ஆசனவாயை இறுக்கி, பத்து எண்ணி விடுவது, ஒரு வேளைக்குப் பத்து தடவை. இலியல் பாதைக்குப் பேதி மருந்து கொடுத்துக் குடலைக் கழுவும் வழக்கம் பல இடங்களில் நின்றுவிட்டது. அது உடம்பை வற்ற வைத்து மீள்வதைத் தாமதப்படுத்தும்.

வார்டில் மறுநாளே எழுந்து உட்கார்ந்து நடக்க வேண்டும். சூயிங்கம் மெல்வது குடல் அசைவைத் தூண்டும். யூரேட்டருக்குள் நுழைத்த மெல்லிய ஸ்டென்ட் குழாய்கள் ஒன்று இரண்டு வாரம் இருக்கும். அவை தானே நழுவி வந்தால் பதறாமல் தகவல் சொல்லுங்கள். ரத்தக்கட்டு தடுக்கும் ஊசி வீட்டுக்குப் போன பிறகும் மொத்தம் நான்கு வாரம் தொடரும். காயம் ஆறிவிட்டது, எதற்கு ஊசி என்று நிறுத்துபவர்கள் செய்யும் தவறு பெரிது.

ஸ்டோமா பை மாற்றும் முறை

மாற்றும் நேரம் காலையில், காபி தண்ணீர் குடிக்கும் முன். அப்போதுதான் சொட்டு குறைவாக இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒரு தடவை; அக்னி நட்சத்திர வெயிலில் வேர்வைக்குப் பசை இளகும், அப்போது இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. பழைய பையை மேலிருந்து கீழாக, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெல்ல உரிக்கவும். வெடுக்கென்று இழுத்தால் தோல் சேர்ந்து உரியும்.
2. சுருட்டிய காஸ் துணியை ஸ்டோமா வாயில் வைத்துச் சொட்டை உறிஞ்ச வைக்கவும். மாற்றி முடியும்வரை இந்தத் துணி அங்கேயே இருக்கட்டும்.
3. வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஒற்றி உலர்த்தவும். எண்ணெய்ப்பசை உள்ள சோப்பு, தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. தோல் எரிகிறதே என்று எண்ணெய் தடவினால் அன்று மாலையே பை நழுவும், கசிவு கூடும், எரிச்சலும் கூடும்.
4. அளவுகோல் அட்டையை வைத்து ஸ்டோமாவை அளந்து, பசைத் தட்டின் ஓட்டையை அதைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டவும். முதல் இரண்டு மாதத்தில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். முதல் வார அளவிலேயே கடைசிவரை வெட்டுவதுதான் தோல் புண்ணுக்கு முக்கியக் காரணம்.
5. ஒட்டிய பின் உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். சூட்டில் பசை இறுகும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். கனம் தட்டை இழுக்கும். இரவில் நீளக் குழாயோடு பெரிய பையை மாட்டினால் ஒரே மூச்சில் தூங்கலாம். பையில் வெள்ளை இழை மிதப்பது குடல் சுரக்கும் சளி, சீழ் இல்லை. ஸ்டோமாவைச் சுற்றி மணல் போல வெள்ளைப் படிவம் சேர்ந்தால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து நனைத்த துணியை ஐந்து நிமிடம் வைத்து எடுக்கவும். ஸ்டோமா ஈரமாகச் சிவந்திருக்க வேண்டும். ஊதாவோ கறுப்போ ஆனால் அன்றே மருத்துவமனை.

கல்ச்சர் பரிசோதனைக்குப் பையில் சேர்ந்த சிறுநீரைக் கொடுக்காதீர்கள். அதில் கிருமி எப்போதும் இருக்கும். ஸ்டோமாவுக்குள் புதுக் கதீட்டர் விட்டு எடுக்க வேண்டும். காய்ச்சலோ இடுப்பு வலியோ இல்லாதபோது அறிக்கையில் கிருமி வந்ததற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் சாப்பிடத் தேவையில்லை.

நியோபிளாடரைப் பழக்குவது

கதீட்டர் இருக்கும் இரண்டு மூன்று வாரமும் சளி அடைப்புதான் பெரிய எதிரி. 60 மி.லி. சிரிஞ்சில் 30 முதல் 50 மி.லி. சலைனை மெதுவாகச் செலுத்தி, மெதுவாக உறிஞ்சி எடுக்க வேண்டும். வார்டில் 6-8 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வீட்டில் டாக்டர் சொன்ன இடைவெளியில். குழாய் வழியாகச் சொட்டு நின்று, அடிவயிறு உப்பினால் காத்திருக்கக் கூடாது. தையல் விட்டுவிடும்.

சாய எக்ஸ்ரேயில் கசிவு இல்லை என்று தெரிந்ததும் கதீட்டரை எடுப்பார்கள். புதுப் பை அப்போது 120-150 மி.லி. மட்டுமே கொள்ளும். ஆணோ பெண்ணோ உட்கார்ந்தே போக வேண்டும்: அடியிடுப்பைத் தளரவிட்டு, முன்னால் குனிந்து, கையால் அடிவயிற்றை அழுத்தி, மெல்ல முக்க வேண்டும். பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவில் அலாரம் வைத்து 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ரத்தத்தில் அமிலநிலை சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு இடைவெளியை மூன்று மணி, பிறகு நான்கு மணி என்று நீட்டலாம். கொஞ்சம் கசிந்தாலும் நேரம் வரும்வரை அடக்குவதில்தான் பை விரிகிறது. இலக்கு 400 முதல் 500 மி.லி. அதற்கு மேல் அடக்குவது சாமர்த்தியம் இல்லை. பை தொளதொளத்துச் சரியாகக் காலியாகாது. 'வருகிறது' என்ற பழைய உணர்வு இருக்காது. வாயு நிறைந்த மாதிரி ஒரு கனம் தெரியும், அதுதான் அடையாளம்.

பகல் கசிவு பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் கட்டுக்குள் வரும். இரவுக் கசிவு ஒரு வருடம்கூட இழுக்கும். தூக்கத்தில் சிறுநீரைத் தடுக்கும் தசையை இறுக்கச் சொல்லும் அனிச்சைச் செயல் பழைய பையோடு போய்விட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

"பசியே இல்லை" என்றால்

வீட்டுக்கு வந்த முதல் சில வாரத்தில் நோயாளி சோர்ந்து படுத்து, சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்றால், ஆபரேஷன் அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். குடலால் ஆன பை சிறுநீரிலிருந்து அமிலத்தை உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. கூடவே உப்பையும் இழக்கிறது. ரத்தத்தில் பைகார்பனேட், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்தால் தெரிந்துவிடும். சோடா பைகார்பனேட் மாத்திரை கொடுத்தால் முகம் தெளியும். தினமும் காலையில் எடை பார்த்து எழுதுங்கள். மளமளவென்று குறைவது முதல் அறிகுறி. தண்ணீர் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர். ரத்தக்கொதிப்புக்காக உப்பைக் குறைத்துச் சாப்பிடுபவர்கள் இந்தக் காலத்தில் என்ன செய்வது என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாம்பத்தியம்

நரம்பைக் காத்திருந்தாலும் விறைப்பு திரும்ப ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை சும்மா இருந்தால் திசு சுருங்கும் என்பதால் சில்டெனாஃபில் வகை மாத்திரை, வெற்றிடக் கருவி, ஊசி என்று படிப்படியாகப் போவார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. பெண்களுக்கு வறட்சிக்கு ஈரப்பசை ஜெல், யோனி குறுகியிருந்தால் விரிக்கும் கருவி. பை வைத்திருப்பவர்கள் முன்னதாகக் காலி செய்து, மடித்து, துணிப்பட்டையால் மூடிக்கொண்டால் போதும்.

வருடக்கணக்கில் கவனிக்க வேண்டியவை

யூரேட்டரைக் குடலோடு தைத்த இடம் வலியே இல்லாமல் சுருங்கி, சிறுநீரகத்தை மெல்லக் கெடுக்கும். இடப்பக்கக் குழாயைப் பெருங்குடலுக்கு அடியில் வளைத்துக் கொண்டுவருவதால் அந்தப் பக்கம்தான் அதிகம். வலி வந்தால் போகலாம் என்று ஸ்கேனைத் தள்ளிப் போடக் கூடாது. கிரியேட்டினினும் பைகார்பனேட்டும் ஒவ்வொரு வருகையிலும், பி12 வருடம் ஒருமுறை. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை வேறு டாக்டர் எழுதினால் குடலால் ஆன பை இருப்பதைச் சொல்லுங்கள். சிறுநீரில் போன மருந்தைக் குடல் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.

நியோபிளாடர் உள்ளவர்கள் பர்ஸில் ஒரு அட்டை வைத்துக்கொள்ள வேண்டும். விபத்தோ மயக்கமோ ஏற்பட்டு வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், நிறைந்த பையைக் காலி செய்ய யாருக்கும் தோன்றாது, பை கிழியும் அபாயம் உண்டு. அட்டையில் இவ்வளவு போதும்: "எனக்குச் சிறுகுடலால் செய்த சிறுநீர்ப்பை. சுயநினைவு இல்லாவிட்டால் உடனே கதீட்டர் போடவும். சளி அடைத்தால் சலைன் விட்டுக் கழுவவும். பைகார்பனேட் பார்க்கவும்." கீழே அறுவை செய்த தேதி, ரத்தப் பிரிவு, டாக்டரின் போன் எண்.